கடைசி மூன்று இலக்கம்

கொச்சியை அடுத்த காக்கநாட்டில் கேரளா புக்ஸ் அண்ட் பப்ளிகேஷன்ஸ் சொசைட்டியின் அச்சகம் இருக்கிறது. கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூல்கள் அங்கே அச்சாகின்றன. நிகழ்தகவுக் கணக்கு வரும் கணிதப் புத்தகமும் அவற்றில் சேர்த்தி. அரசு லாட்டரிச் சீட்டும் அந்த அச்சகத்தின் வேலைதான். பாடம் ஒரு பக்கம், அந்தப் பாடத்தை மறந்தால் மட்டுமே வாங்கத் தோன்றும் பொருள் இன்னொரு பக்கம்.

வாரச் சீட்டில் இரண்டு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். எண் 100000இல் தொடங்கி 999999இல் முடிகிறது. எனவே ஓர் எழுத்து வரிசைக்கு 9 லட்சம் சீட்டு. 12 வரிசையும் முழுசாக அடித்தால் 1 கோடியே 8 லட்சம். பூஜ்யத்தில் தொடங்கும் எண் கிடையாது, ஒன்றாம் நம்பர் சீட்டும் கிடையாது. ஒரு வரிசையில் ஓர் எண் ஒரே ஒரு தடவைதான் அச்சாகும். சாதாரண விவரமாகத் தோன்றினாலும் மேற்கொண்டு சொல்லப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இந்தியாவில் அரசே லாட்டரி நடத்தும் பழக்கத்தைத் தொடங்கியது கேரளம். 1967இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் இரண்டாவது அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு கொண்டுவந்த யோசனை அது. தனியார் லாட்டரிகளைத் தடை செய்துவிட்டு அரசே தனித் துறை ஒன்றைத் திறந்தது. கேரளம் உருவான நாளான நவம்பர் 1ஆம் தேதி விற்பனை தொடங்கியது. சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல். இடதுசாரி அரசு அதிர்ஷ்டத்தையும் நாட்டுடைமை ஆக்கிவிட்டது என்று அன்று யாராவது கிண்டல் செய்திருப்பார்கள். 2011இல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது ஏழைகளின் மருத்துவச் செலவுக்காகக் ‘காருண்யா’ லாட்டரி வந்தது. அதன்பிறகு தோற்றவர்களுக்கும் ஓர் ஆறுதல் கிடைத்தது: போன காசு யாரோ ஒருவரின் ஆபரேஷனுக்குப் போயிருக்கும். 2025இல் வாரச் சீட்டின் விலை 50 ரூபாய் ஆனது, முதல் பரிசு 1 கோடி.

அச்சகத்திலிருந்து மாவட்ட லாட்டரி அலுவலகம், அங்கிருந்து ஏஜென்ட், ஏஜென்டிடமிருந்து சில்லறை விற்பனைக்காரர் என்று எண் கைமாறி வருகிறது. திருவனந்தபுரத்தில் அதைப் பார்க்க எங்கும் தேடிப் போக வேண்டாம். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கினால் போதும். கிழக்கேகோட்டை, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம், சாலைக் கடைத்தெரு, பாளையம் என எங்கும் சின்ன மேசை, அதன்மேல் பலகை, பலகையில் கிளிப் போட்டு விரித்த சீட்டுகள். மேசை வைக்க இடமில்லாதவர்கள் கையில் கட்டாக வைத்துக்கொண்டு “நாளெ, நாளெ” என்று கூவுகிறார்கள். நாளைக்குத்தான் குலுக்கல் என்பது அதற்கு அர்த்தம். என்றைக்குப் போனாலும் நாளைக்குத்தான்.

இங்கேதான் எண்ணுக்கு முதல் சோதனை. அச்சகத்தில் எல்லா எண்ணும் சமம். மேசையில் அப்படியில்லை. சாலைக் கடைத்தெருவில் நாகர்கோவில் பக்கத்துத் தமிழ் சகஜமாகக் காதில் விழும்.

“அண்ணாச்சி, ஏழுல முடியுத சீட்டு இருக்கா?”

“எல்லாருக்கும் ஏழு வேணும்னா நான் எங்க போவேன் மக்கா? ரெண்டு இருக்கு, மூணு இருக்கு, எடுங்க.”

“மூணா? கூட்டுனா எட்டுல்லா வருது.”

எட்டு சனி, நாலு ராகு என்று தள்ளுகிறவர் உண்டு. பிறந்த தேதி, பைக் நம்பர், மகள் பிறந்த வருஷம் என்று தேடுகிறவர் உண்டு. நேற்று முதல் பரிசு விழுந்த எண்ணின் வாலோடு ஒத்துப்போகும் சீட்டு என்றால் தொடவே மாட்டேன் என்கிறவரும், அதே வாலைத் தேடி வருகிறவரும் ஒரே மேசையில் தோள் உரசி நிற்பார்கள். சீட்டுக்கட்டைக் கையில் வாங்கி, கடைசி இலக்கங்களை மட்டும் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஒரு தனிக் கலை. சிலர் முதல் சீட்டை எடுப்பதே இல்லை. மேலே இருப்பதை எல்லாரும் பார்த்துக் கழித்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. வேறு சிலர் நடுவிலிருந்து உருவுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே அடுத்தவர் மனதைக் கணிக்கிறவர் விற்பனைக்காரர் ஒருவர்தான். வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, மிஞ்சினால் அவர் நஷ்டம். எந்த வால் முதலில் தீரும், எது சாயங்காலம் வரை கிடக்கும், கிடப்பதை எந்த ஆளிடம் எப்படித் தள்ளுவது என்பது அவருக்குப் பிழைப்பு. எந்த எண்ணுக்குப் பரிசு விழும் என்று அவர் யோசிப்பதில்லை. எந்த எண்ணை ஆள் கேட்பான் என்று மட்டுமே யோசிக்கிறார்.

‘செட்’ என்ற பழக்கமும் இப்படி வந்ததுதான். கேரள லாட்டரியில் சின்னப் பரிசுகள் கடைசி நான்கு இலக்கத்துக்கு. முதல் இரண்டு இலக்கம் 10 முதல் 99 வரை எதுவாகவும் இருக்கலாம், வரிசை 12இல் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே 4827 என்ற ஒரே வாலோடு 1,080 சீட்டுகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றில் ஒரு டஜனைச் சேர்த்து ஒரே ஆளுக்கு விற்பது செட். விழுந்தால் எல்லாச் சீட்டுக்கும் ஒரே நேரத்தில் விழும். விழாவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் குப்பை. ஆசை இரட்டிப்பாகிறதே தவிர வாய்ப்பின் கணக்கில் ஒரு பைசா லாபமில்லை. அளவுக்கு மீறி செட் விற்பதைத் துறையும் அனுமதிப்பதில்லை. அதனால் செட்டுக்கு மவுசு குறைந்துவிடவும் இல்லை.

சீட்டு வாங்குகிறவர்களின் இந்த யோசனைகளை அமெரிக்காவில் இரண்டு பொருளியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் க்ளோட்ஃபெல்டரும் ஃபிலிப் குக்கும் மேரிலாண்ட் மாநிலத்தின் மூன்று இலக்க லாட்டரியை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். ஓர் எண் இன்று விழுந்தால் நாளையே அதன்மேல் கட்டும் பணம் சட்டென்று சரிகிறது. பழைய அளவுக்குத் திரும்ப மாதங்கள் ஆகின்றன. “அது இப்பத்தான வந்தது, திரும்பவுமா வரும்?” என்ற சாலைக் கடைத்தெருக் கேள்வி மேரிலாண்டிலும் கேட்கிறது. குலுக்கும் கருவிக்கு நினைவு கிடையாது, நேற்று எதை உமிழ்ந்தது என்பதும் அதற்குத் தெரியாது. நினைவெல்லாம் ஆட்களுக்குத்தான்.

மேரிலாண்டில் பரிசுத் தொகை நிலையானது, எனவே அந்த நினைவால் யாருக்கும் லாபமில்லை. பக்கத்தில் நியூஜெர்சியில் கதை வேறு. அங்கே வசூலான பணத்தை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டெக் டெரல் என்ற ஆய்வாளர் 1994இல் கண்டது இது: ஒரு வாரத்துக்குள் மறுபடி விழுந்த எண்ணில் பணம் கட்டியிருந்தவர்களுக்குச் சராசரி சுமார் 350 டாலர் கிடைத்தது. நெடுநாள் விழாத எண்ணில் கட்டி ஜெயித்தவர்களுக்குச் சுமார் 260 டாலர். எல்லாரும் ஒதுங்கிய எண்ணில் நின்றவருக்குப் பங்காளிகள் குறைவு, அவ்வளவுதான். எந்த எண் விழும் என்று அங்கேயும் யாராலும் சொல்ல முடியாது. விழுந்தால் கூட எத்தனை பேர் நிற்பார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதைக் கணிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி உண்டு. அந்நாட்டு தேசிய லாட்டரி தொடங்கிய சில வாரங்களில், 1995 ஜனவரி 14இல், 7, 17, 23, 32, 38, 42 என்ற எண்கள் விழுந்தன. 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட முதல் பரிசு. கோடீஸ்வரக் கனவோடு எழுந்தவர்கள் 133 பேர். ஆளுக்குக் கிடைத்தது 1,22,510 பவுண்டு. சீட்டில் எண்களை வட்டமிடுகிறவர்கள் கட்டத்தின் ஓரங்களை விட்டு நடுவில், இடைவெளி விட்டு, ‘தற்செயல் போலத் தெரியும்படி’ குறிக்கிறார்கள். 133 பேரும் ஒரே மாதிரி தற்செயலாக யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 2005 மார்ச்சில் இன்னும் வேடிக்கை. இரண்டாம் பரிசு 110 பேருக்கு விழுந்ததும் நடத்துகிறவர்கள் மோசடியோ என்று அரண்டுபோனார்கள். விசாரித்தால், சீன உணவகங்களில் கொடுக்கும் பிஸ்கட்டுக்குள் வைத்த அதிர்ஷ்டச் சீட்டில் ஒரு தொழிற்சாலை அந்த எண்களை அச்சிட்டு அனுப்பியிருக்கிறது.

திருவனந்தபுரத்து மேசைக்கு இது பொருந்துமா? பொருந்தாது. எண்ணை நாம் எழுதுவதில்லை, அச்சிட்டதில் ஒன்றை எடுக்கிறோம். முதல் பரிசு எண்ணுக்கு ஒரே ஒரு சீட்டுதான், ஒரே ஒரு சொந்தக்காரர்தான். மற்ற வரிசைகளில் அதே ஆறு இலக்கம் வைத்திருப்பவர்களுக்கு ஆறுதல் பரிசு, அதுவும் நிலையான தொகை. எல்லாருக்கும் பிடித்த எண்ணை எடுத்தாலும், யாருக்கும் பிடிக்காததை எடுத்தாலும், கிடைப்பது ஒன்றே. ஆக மேசை முன் நின்று கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நடக்கும் அந்த ஆழ்ந்த யோசனைக்குக் கேரள லாட்டரியின் அமைப்பில் இடமே இல்லை. 1967இல் திட்டம் தீட்டியவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, ஒருவரின் புத்தி இன்னொருவரின் பரிசைக் குறைக்க முடியாத சூதாட்டம் ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள். கூட்டத்தில் சாமர்த்தியசாலியும் அப்பாவியும் ஒரே நிலையில் நிற்கும் சூது அபூர்வம்.

புத்திக்கு மட்டுமே வேலையுள்ள எண் விளையாட்டும் உண்டு. 0 முதல் 100 வரை ஓர் எண்ணை எல்லாரும் எழுத வேண்டும். எல்லா எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு எதுவோ, அதற்கு மிக அருகில் எழுதியவருக்குப் பரிசு. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் சராசரி 50 வரும், விடை 33. இதை எல்லாரும் யோசித்து 33 எழுதினால் விடை 22. அதையும் யோசித்தால் 15. இப்படியே இறங்கிக்கொண்டே போனால் பூஜ்யத்தில் முட்டும். 1997இல் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரின் யோசனைப்படி லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை வாசகர்களுக்கு இந்தப் போட்டியை வைத்தது. வென்ற எண் 13. பூஜ்யமும் ஒன்றும் எழுதி அனுப்பியவர்களும் இருந்தார்கள். கணக்கு அவர்களுக்குச் சரியாகவே வந்திருந்தது, சக வாசகர்களைப் பற்றிய கணிப்புதான் தவறிவிட்டது. இதே போட்டியைச் சாலைக் கடைத்தெருவில் வைத்தால் நான் 20க்குப் பக்கத்தில் எழுதுவேன். காரியவட்டம் வளாகத்துப் பொருளியல் மாணவர்களிடம் வைத்தால் 10. பேராசிரியர்கள் மட்டும் ஆடினால் ஆட்டத்துக்கே போகமாட்டேன்.

ஸ்வீடன் அரசின் சூதாட்ட நிறுவனம் 2007இல் இந்த யோசனையையே லாட்டரி ஆக்கிவிட்டது. ‘லிம்போ’ என்று பெயர். 1 முதல் 99,999 வரை ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லாத எண்களில் மிகச் சிறியதற்குப் பரிசு. 1 என்று சொன்னால் இன்னொருவரும் சொல்லியிருப்பார். பெரிதாகப் போனால் உங்களுக்குக் கீழே தனி ஆள் ஒருவர் இருப்பார். நாளொன்றுக்கு 50,000 பேருக்கு மேல் ஆடினார்கள். ஏழு வார ஆட்டத்தை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, முதல் வாரத்தில் கீழ் எண்களில் தேவைக்கு மேல் கூட்டம். பிறந்த வருஷத்தை எழுதியவர்களின் தனிக் கூட்டமும் தெரிந்தது. வாரங்கள் போகப் போகக் கூட்டம் தன்னால் பரவி, கணிதம் சொன்ன வடிவத்துக்குப் பக்கத்தில் வந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேரளத்தில் இத்தகைய ஆட்டத்துக்கு லாட்டரி அலுவலகத்தை விட்டுவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டும். KL என்று தொடங்கும் வண்டி எண்களில் 01 திருவனந்தபுரத்துக்கு உரியது. புது எழுத்து வரிசை திறக்கும்போதெல்லாம் 1ஆம் நம்பருக்கு ஏலம். 2019 பிப்ரவரியில் கே.எல். 01 சி.கே. 1 என்ற எண்ணை நகரத்துத் தொழிலதிபர் ஒருவர் தம் போர்ஷே காருக்காக எடுத்தார். விண்ணப்பக் கட்டணத்தோடு 31 லட்சம் ரூபாய். அன்று அது கேரளத்தின் சாதனைத் தொகை. 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் கே.எல். 07 டி.ஜி. 0007 என்ற எண் 46 லட்சத்தைத் தாண்டியது, லம்போர்கினிக்காக. லாட்டரியில் பிறக்கவே செய்யாத ஒன்றாம் நம்பருக்கு இங்கே இத்தனை மதிப்பு. எதிரே இருப்பவனும் அதையே விரும்புகிறான் என்பதுதான் அந்த மதிப்பு முழுவதும். எவ்வளவு வரை அவன் வருவான் என்று கணிப்பதே ஏலம். தனியாக ஒருவர் கேட்டிருந்தால் அரசு வைத்த அடிப்படைக் கட்டணத்தோடு முடிந்திருக்கும். எந்த எண்ணை மாட்டினாலும் கார் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

சரி, மேசையில் கிடக்கும் நம் எண்ணுக்கு வருவோம்.

குலுக்கல் நடப்பது பேக்கரி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் உள்ள கோர்க்கி பவனில். எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கியின் பெயர். ரஷ்ய எழுத்தாளர் பெயர்தான் வைப்பது என்றால் தஸ்தயேவ்ஸ்கியைப் போட்டிருக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ‘சூதாடி’ எழுதியவரும், சூதாடிக் கடனாளியானவரும் அவர்தானே. பொதுமக்கள் முன்னால், நடுவர் குழு உட்கார்ந்திருக்க, தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டியபடி, பொத்தானை அழுத்தினால் எண் சக்கரங்கள் சுழன்று நிற்கின்றன. பார்க்க ஒரு விறுவிறுப்பும் இருக்காது. அரசு அலுவலகம் ஒன்றில் வருகைப்பதிவு எடுப்பது போல அவ்வளவு வறட்சியாக நடக்கும். அந்த வறட்சிதான் அதன் பெருமை. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்த நம்பகம் அதில் இருக்கிறது.

2022 செப்டம்பர் 18இல் அங்கே திருவோணம் பம்பர் குலுக்கல். சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. அதுவரை கேரளம் காணாத தொகை. டி.ஜே. 750605 என்று நின்றது. சீட்டு இருந்தது திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் பகுதியைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம். குலுக்கலுக்கு முந்தின நாள் ராத்திரி வாங்கியது. கைக்காசு போதாமல் குழந்தையின் உண்டியலை உடைத்திருக்கிறார். முதலில் எடுத்த சீட்டு பிடிக்காமல் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அந்த வாக்கியம் கேரளத்து மேசைகளில் எத்தனை பேரைக் கெடுத்திருக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. பிடிக்காமல் வைத்துவிட்டு வேறு எடுத்துத் தோற்ற பல லட்சம் பேரிடம் எந்த நிருபரும் மைக்கை நீட்டவில்லை. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதமும் வருமான வரி 30 சதவீதமும் போய்க் கையில் 15.75 கோடி நிற்கும் என்று அன்றே பத்திரிகைகள் கணக்குப் போட்டன. சர்சார்ஜ் தனி. ஒரு வாரத்துக்குள் உதவி கேட்டு வீட்டில் கூட்டம் முற்றுகையிட, பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொல்லும் வீடியோ வெளிவந்தது. எண்ணைப் பற்றி யோசித்தவருக்கு ஊரைப் பற்றி யோசிக்கத் தோன்றியிருக்கவில்லை.

முதல் பரிசு அறிவித்ததோடு எண்ணின் வாழ்க்கை முடிந்தது என்றுதான் அரசிதழ் நினைக்கிறது. அந்த நிமிஷத்தில்தான் அதன் இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. முன்னால் இருக்கும் எழுத்தும் மூன்று இலக்கமும் உதிர்ந்துபோக, கடைசி மூன்று இலக்கம் மட்டும் தனியே கிளம்புகிறது. கேரளத்தில் அதற்கு ‘எழுத்து லாட்டரி’ என்று பெயர். நம் ஊரில் ‘மூணு நம்பர்’. துண்டுச் சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ மூன்று இலக்கம் எழுதிப் பணம் கட்ட வேண்டும். கோர்க்கி பவனில் விழும் முதல் பரிசின் வாலோடு ஒத்துப்போனால் காசு. முழுக்கச் சட்டவிரோதம்.

1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தை வைத்தோ முன்கூட்டி அறிவித்த எண்ணுக்கோ பரிசு தரக் கூடாது என்று சொல்கிறது. தொண்ணூறுகளில் ஒரு நம்பர் லாட்டரி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தது என்று தமிழ்நாட்டில் அன்று வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு இலக்கத்தில் ஜெயிப்பது கனவு என்று யாருக்கும் தெரியும். ஒன்றில், மூன்றில் என்றால் கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். ‘ஒரு நம்பரில் போச்சு’ என்ற நினைப்பு மறுநாளும் இழுத்து வரும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1968இல் தமிழக அரசின் பரிசுச் சீட்டு தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அதன் முழக்கம். நிறுத்துவதும் தொடங்குவதுமாக ஓடி, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. சீட்டு நின்றது. வால் நிற்கவில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் மூன்று நம்பர் லாட்டரியில் எல்லாம் இழந்த நகைத் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு மாண்டபோதுதான் அது எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்று மாநிலம் பேசியது.

இந்த வியாபாரத்தின் கணக்கைப் பார்த்தால் யார் யாரைக் கணிக்கிறார்கள் என்பது துலங்கும். மூன்று இலக்கத்தில் ஆயிரம் எண்கள். 10 ரூபாய்க்கு 5,000 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஆயிரம் வெவ்வேறு எண்ணில் கட்டினால் வரவு 10,000, செலவு 5,000. பாதி லாபம், யோசிக்கவே வேண்டாம். ஆட்கள் அப்படிப் பரவி நிற்பதில்லை. 786, 108, 777 என்று கூடி நிற்பார்கள். ஆயிரத்தில் முப்பது பேர் 786இல் நின்று அன்று 786 விழுந்தால் ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டும். ஆகவே பணம் வாங்குகிறவன் முழு நேரமும் கவனிப்பது ஆட்களின் ஆசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை. ஓர் எண்ணில் பாரம் ஏறினால் அதை மூடிவிடலாம், அல்லது பெரிய கையிடம் தள்ளிவிடலாம். நியூயார்க்கின் ஹார்லெமில் நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஆட்டம் நடத்தியவர்கள், கூட்டம் சேரும் எண்களுக்குப் பரிசைக் குறைத்தே அறிவித்துவிடுவார்கள். அவர்கள் தங்கள் எண்ணை எடுத்தது வங்கிகளின் கிளியரிங் ஹவுஸ் தினமும் பத்திரிகைக்குக் கொடுத்த புள்ளிவிவரத்திலிருந்து. பம்பாயின் மட்கா என்ற எண் சூதாட்டம் முதலில் நியூயார்க் பருத்திச் சந்தையின் விலையை நம்பியிருந்தது. அந்த வழி அடைபட்ட பின்னர்தான், அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாண்ஜி பகத்தும் ரத்தன் கத்ரியும் ஆளுக்கொரு குலுக்கல் தொடங்கினார்கள்.

சட்டவிரோத ஆட்டக்காரனுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. தானே எண்ணைக் குலுக்கினால் யாரும் அவனை நம்பமாட்டார்கள். தன் கைக்கு எட்டாத, எல்லாரும் பார்க்கும், வளைக்க முடியாத எண் ஒன்று அவனுக்குத் தினமும் வேண்டும். ஹார்லெமுக்கு வங்கி கொடுத்தது, பம்பாய்க்குப் பருத்திச் சந்தை கொடுத்தது. நம் ஊர் மூணு நம்பர்காரனுக்கு அதைக் கொடுப்பது கேரள அரசு. கோர்க்கி பவனின் அந்த வறட்சியான நேர்மையைக் காசு கொடுக்காமல் இரவல் வாங்கிக்கொண்டு அவன் தொழில் நடக்கிறது. குலுக்கலில் சந்தேகத்துக்கு இடம் இருந்திருந்தால் எழுத்து லாட்டரி என்றோ படுத்திருக்கும்.

சட்டத்துக்கு உட்பட்ட பாதையிலும் எண் எல்லையை நோக்கியே நகர்கிறது. வாளையாறு, ஆரியங்காவு, களியக்காவிளை ஆகிய எல்லைப் பகுதிகளில் சீட்டுக் கடைகள் யாருக்காகத் திறந்திருக்கின்றன என்று கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் அங்கே நின்று போகும். 2023 திருவோணம் பம்பரின் 25 கோடி, வாளையாற்றில் சீட்டு வாங்கிய திருப்பூர் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது.

எனக்குப் பிடித்தது 2021 ஜனவரியில் விழுந்த கிறிஸ்துமஸ்–புத்தாண்டு பம்பர். 12 கோடி ரூபாய். ஜெயித்தவர் தென்காசி மாவட்டத்துக்காரர், வளைகுடாவிலிருந்து திரும்பி ஆரியங்காவில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர். பரிசு விழுந்த சீட்டை அவர் வாங்கவே இல்லை. விற்காமல் கையில் மிஞ்சியவற்றில் ஒன்று அது. சபரிமலைக் காலத்தில் ஆரியங்காவு அய்யப்பன் கோயிலுக்கு வந்தவர்களும், செங்கோட்டைப் பாதையில் போனவர்களும் அந்தக் கட்டைப் புரட்டி, வாலைப் பார்த்து, நகர்த்திவிட்டு வேறு சீட்டோடு போயிருக்கிறார்கள். எண் எக்ஸ்.ஜி. 358753. இலக்கங்களைக் கூட்டினால் 31, அதையும் கூட்டினால் 4.